மங்கா: வார இதழா, தாங்கோபோனா?

ஜப்பானில் ஒரே மங்கா (சித்திரக்கதை) பெரும்பாலும் இருமுறை வெளியாகும்: முதலில் வார இதழில், சில மாதம் கழித்து ‘தாங்கோபோன்’ எனும் தனித்தொகுப்பாக.

1968-இல் தொடங்கிய ஷோனென் ஜம்ப் எனும் மங்கா இதழில் ஒரே வாரத்தில் சுமார் 20 தொடர்கள் வரும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 19 பக்கம். 1990-களின் நடுவில் அதன் அச்சுப் பிரதிகள் 65 லட்சத்தைத் தாண்டின. மறுசுழற்சித் தாள் சீக்கிரம் பழுப்பேறும். கறுப்பு மையும் மங்கலாகவே விழும். ஆனால் பக்கம் பெரிது. இரு பக்கம் விரியும் சண்டைக் காட்சியின் வீச்சை இதில்தான் முழுதாக உணரலாம். இதழுடன் வரும் அஞ்சலட்டையில் வாசகர்கள் பிடித்த மூன்று தொடர்களைக் குறித்து அனுப்புவார்கள். ஆதரவு இல்லாத தொடர் சில மாதங்களிலேயே நின்றுவிடும். புதிய ஓவியரைக் காப்பாற்ற நினைப்பவர் இதழைத்தான் வாங்க வேண்டும்.

தாங்கோபோன் கையடக்கமானது: சுமார் 190 பக்கம், 9 அத்தியாயங்கள் வரை. தாள் வெண்மை, கோடுகள் கூர்மை. அவசரத்தில் நேர்ந்த பிழைகளைப் படைப்பாளர்கள் இதில் திருத்துவதும் உண்டு. குறை இரண்டு: இதழின் வண்ணப் பக்கங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாகிவிடும், விரிபடத்தின் நடுப்பகுதியைப் பசையால் ஒட்டிய புத்தக முதுகு விழுங்கிவிடும். புத்தகத்தை அழுத்தி விரித்தால் முதுகு பிளந்து தாள் உதிரும். மறுவாசிப்புக்கு, ஐயமின்றி இதுவே.