‘நூறு வாட்ஸ்’ டீபீஏ3116 போர்ட்: வாங்கலாமா, வாங்கினால் எப்படிப் பாவிப்பது

திருகோணமலையில் வீட்டிலேயே அம்ப் கட்டுகிறவர்களின் மேசையில் இந்தச் சின்ன அம்ப் போர்ட்டைக் காணாமல் இருப்பது அரிது. உள்ளங்கையளவுதான். நடுவில் ஒரு அலுமினியத் துண்டு, ஒரு கரையில் பச்சை டெர்மினல், மறுகரையில் வொலியூம் குமிழ். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரிக்கும் டீபீஏ3116டி2 என்ற டி வகுப்புச் சிப்பை (சப்ளையை வேகமாக வெட்டி வெட்டிப் பாட்டைப் பெருக்கும் ரகம்) வைத்துச் சீனாவில் பல பட்டறைகள் இதைச் செய்கின்றன. கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து பார்சலிலும் வரும், இங்கேயுள்ள ரிவி திருத்தும் கடைகளிலும் கிடைக்கும். விலைக்குச் சிப் தங்கம். அதைச் சுற்றிப் போட்ட சாமான்களும், நாங்கள் அதற்குக் கொடுக்கும் சப்ளையும், இந்தக் கடற்கரை ஊரின் காற்றும்தான் போர்ட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன. கீழே சொல்வதில் பாதி போர்ட்டைப் பற்றியது, பாதி அந்த மூன்றையும் பற்றியது.

முதலில் வாட்ஸ் கணக்கு. பெட்டியில் போட்டிருக்கும் 50+50 முழுப் பொய் இல்லை. சிப்பின் தரவுத்தாளிலேயே அந்த எண் இருக்கிறது. ஆனால் அது 21 வோல்ட் சப்ளையில், 4 ஓம் ஸ்பீக்கரில், 10 வீதச் சிதைவோடு எடுத்த எண். 10 வீதச் சிதைவில் பாட்டுக் கேட்க ஏலாது, கரகரப்புத்தான் கேட்கும். பழைய லப்டொப் சார்ஜரின் 19 வோல்ட்டில், 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சனலுக்கு 20 வாட்ஸ் அளவு சுத்தமாக வரும். 6 ஓமுக்கு 25 அளவில், 4 ஓமுக்கு 35ஐ ஒட்டி. 12 வோல்ட்டில் 8 ஓமுக்கு வெறும் 8 வாட்ஸ். சின்ன எண்ணாகத் தெரியலாம், ஆனால் உவர்மலைப் பக்கத்து வீடொன்றின் விறாந்தைக்கு 8 வாட்ஸே பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிற அளவு சத்தம்.

"மச்சான், 24 வோல்ட் போட்டால் இன்னும் தூக்கும்தானே?" என்ற கேள்வி எல்லா இடத்திலும் வரும். தூக்கும். ஆனால் சிப்புக்குச் சிபாரிசு செய்த உச்சம் 26 வோல்ட். போர்டில் உள்ள பெரிய கப்பாசிட்டர்கள் பல நேரம் 25 வோல்ட் ரகம். 24 வோல்ட் சப்ளையோடு அவற்றை ஓட்டினால் இடைவெளி ஒரு வோல்ட்தான், சூட்டில் சீக்கிரமே மேல்மூடி வீங்கலாம். ட்ரான்ஸ்போமர் வைக்கிறவர்கள் இன்னும் கவனம்: 18 வோல்ட் ஏசி ட்ரான்ஸ்போமரை பிரிட்ஜ் டயோட்டில் போட்டால் கணக்குப்படி 24 வோல்ட் டீசி. ஆனால் லோட் இல்லாதபோதும், இரவில் லைன் 240ஐத் தாண்டும்போதும் அது 27, 28க்கு ஏறி, சிப் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். "அண்ணை, பத்து மணிக்குப் பிறகு அம்ப் வேலை செய்யுதில்லை" என்று கொண்டுவருகிற போர்ட்டுகளில் போர்ட் சுகமாகவே இருக்கும். 15 வோல்ட் ஏசி போதும், 20 வோல்ட் அளவில் டீசி வரும். புதிதாகச் செலவு செய்யாமல் தொடங்க நினைப்பவருக்கு 19 வோல்ட், 3.42 அம்பியர் லப்டொப் சார்ஜரே சரியான தெரிவு. 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 4.74 அம்பியர். எச்பி, டெல் சார்ஜர் பின்களில் நடுவில் உள்ள மெல்லிய ஊசி அடையாளத்துக்கு மட்டும், அதை இணைக்கத் தேவையில்லை. எதுவானாலும் மீற்றரால் பிளஸ், மைனஸ் பார்த்தபின் டெர்மினலில் முறுக்க வேண்டும். மாறிக் கொடுத்தால் காப்பாற்ற இந்த மலிவுப் போர்ட்டுகளில் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. பிளஸ் வயரில் 5 அம்பியர் பியூஸ் ஒன்று, அதற்குப் பிறகு பிளசுக்கும் மைனசுக்கும் நடுவில் எதிர்த் திசையில் ஒரு தடித்த டயோட், இரண்டும் சேர்ந்தால் மாறிக் கொடுத்தாலும் பியூஸ் மட்டும் போகும்.

முதல்முறை கரண்ட் கொடுக்கும்போது நேராகக் கொடுக்காமல், 12 வோல்ட் சப்ளையின் பிளஸ் வயரில் ஆட்டோவின் 21 வாட்ஸ் இண்டிகேட்டர் பல்ப்பைத் தொடராக வைக்கலாம். கப்பாசிட்டர் நிரம்பும்போது ஒரு மின்னல், பிறகு பல்ப் இருட்டாக இருந்தால் போர்ட் நலம். பல்ப் விடாமல் எரிந்தால் எங்கேயோ ஷோர்ட், ஸ்பீக்கரைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. அடுத்து, பாட்டு இல்லாமல், ஸ்பீக்கர் இல்லாமல், ஸ்பீக்கர் டெர்மினல் இரண்டுக்கும் நடுவில் மீற்றரை வையுங்கள். சில மில்லிவோல்ட்தான் காட்ட வேண்டும். நூறைத் தாண்டினால் அந்தப் போர்ட்டைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

அதே மீற்றரை ஸ்பீக்கர் மைனசுக்கும் சப்ளை மைனசுக்கும் நடுவில் வைத்தால் சப்ளையின் பாதி, 19 வோல்ட்டில் 9.5 அளவு, காட்டும். பயப்பட வேண்டாம், இது பிரிட்ஜ் அவுட்புட். இந்தப் போர்டில் ஸ்பீக்கரின் "மைனஸ்" கிரவுண்ட் இல்லை, அதுவும் உயிருள்ள வயர். ஊரில் செத்துப்போன போர்ட்டுகளின் முதல் காரணம் இதுதான். பழைய செட்டுகளில் இரண்டு ஸ்பீக்கர் மைனசையும் ஒரே வயரில் கட்டிக் கொண்டுவந்த பழக்கம், இரும்புப் பெட்டியில் ஸ்பீக்கர் சொக்கட்டின் கறுப்பு முனை பட்டுக்கொண்டிருப்பது, அவுட்புட்டிலிருந்து ஹெட்போனுக்கு மூன்று வயர் இழுப்பது: எல்லாமே ஷோர்ட். சிப்பில் பாதுகாப்பு உண்டு, பல தடவை தாங்கும், எப்போதும் தாங்கும் என்று எழுதிக் கொடுக்க முடியாது. ஒரு சனலுக்கு 3.2 ஓமுக்குக் கீழே போகவும் கூடாது. 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே சனலில் சமாந்தரமாகக் கட்டினால் 2 ஓம், அது இந்தச் சிப்புக்கு மிகக் குறைவு. வளைகுடாவிலிருந்து வந்த மினி செட்டுகளின் 6 ஓம் ஸ்பீக்கர்கள் வீடுகளில் தூசி பிடித்துக் கிடக்கின்றன. இந்தப் போர்ட்டுக்கு அவையே பொருத்தமான சோடி.

இனி சத்தத்தின் தரம். போர்ட்டை வாங்கியபடியே போட்டால் அனேகமானவர் சொல்லும் குறை "சீ…" என்ற இரைச்சல். அதற்குச் சிப்பைத் திட்டுவார்கள். உண்மையில் பல போர்ட்டுகள் கெயினை (எத்தனை மடங்கு பெருக்குவது என்ற அளவை) 32 அல்லது 36 டெசிபலில் வைத்து வருகின்றன, குமிழைக் கொஞ்சம் திருப்பியதும் வாங்குபவர் அசரட்டும் என்று. 36 டெசிபல் என்றால் 63 மடங்கு. 19 வோல்ட்டில் 0.2 வோல்ட் உள்ளே வந்தாலே உச்சத்தைத் தொட்டுவிடும். போன் தரும் சத்தத்துக்கு 26 டெசிபல் (20 மடங்கு) தாராளம், 2 வோல்ட் தரும் டாக் (டிஜிட்டல் பாட்டை ஓடியோவாக்கும் பெட்டி) வைத்திருப்பவருக்கு 20 டெசிபல் (10 மடங்கு). சிப்பின் கெயின் காலிலிருந்து இரண்டு சின்ன ரெசிஸ்டர் போகும். ஒன்று கிரவுண்டுக்கு, மற்றது சிப்பின் ஜீவீடிடி என்ற சப்ளைக் காலுக்கு. அதே வரிசையில் அவற்றின் சோடி 20 டெசிபலுக்கு 5.6 கே (கிலோஓம்), மற்றது வெற்றிடம். 26க்கு 20 கே, 100 கே. 32க்கு 39 கே, 100 கே. 36க்கு 47 கே, 75 கே. போர்டில் இப்போது இருப்பதைப் படித்தால் எந்தக் கெயின் என்று தெரியும். மாற்றிய பிறகு கரண்டை முழுதாக நிறுத்தித் திரும்பப் போட வேண்டும், சிப் அந்த மதிப்பைத் தொடங்கும்போது மட்டும்தான் படிக்கும்.

கெயினை இறக்குவதில் இன்னொரு இலாபம் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. கெயின் ஏற ஏற இந்தச் சிப்பின் இன்புட் தடை இறங்கும்: 20 டெசிபலில் 60 கே, 26இல் 30 கே, 32இல் 15 கே, 36இல் 9 கே. போர்டில் வரும் குமிழ் 50 கே. நடுவில் திருப்பினால் அதன் வெளியீட்டுத் தடையே 12.5 கே வரும். 9 கே இன்புட்டுக்கு முன்னால் அதை வைத்தால் குமிழின் நடத்தையே மாறி, முக்கால்வாசித் தூரம் ஒன்றும் நடக்காமல் கடைசியில் திடீரென ஏறும். இன்புட் கப்பாசிட்டர் 1 மைக்ரோபரட் என்றால், 9 கேயோடு சேர்ந்து 18 ஹேர்ட்ஸ் கிட்டவே பாஸை வெட்டத் தொடங்கும், 60 கேயில் அது 3 ஹேர்ட்ஸுக்கும் கீழே. "பாஸ் காணாது" என்ற முறைப்பாட்டில் ஒரு பங்கு இங்கே இருக்கிறது, ஸ்பீக்கரில் இல்லை. குமிழை ஏ10கே என்று போட்ட நல்ல இரட்டைப் பொட்டாக (இரு சனலுக்கும் சேர்ந்து திரும்பும் வொலியூம் ரெசிஸ்டர்) மாற்றினால், குறைந்த சத்தத்தில் இடது பக்கம் மட்டும் கேட்கிற தொல்லையும் பெரும்பாலும் போய்விடும். பி என்று போட்டதை வாங்க வேண்டாம், அது நேர்கோட்டு ரகம், தொடக்கத்திலேயே சத்தம் பாயும்.

அலுமினியத் துண்டைக் கழற்றிப் பாருங்கள். இந்தச் சிப்பின் சூடு மேல்முதுகால்தான் வெளியேறும், ஆகவே அங்கே முழுதாகப் பட வேண்டும். பல போர்ட்டுகளில் இடையில் இரட்டைப் பக்க ஒட்டுநாடாதான் இருக்கும். ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடைத்து, தேர்மல் பேஸ்ட்டை மெல்லிதாகப் பூசி, இரண்டு ஸ்குரூவையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவது பத்து நிமிட வேலை. கச்சான் காற்றடிக்கிற ஆடி மாதத்து மத்தியானத்தில் அம்ப் இடையிடையே நின்று நின்று பாடினால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

கேட்கும் தரத்தில், டீடீஏ2030, எல்ஏ4440 போன்ற பழைய சிப்புகள் காலத்து அம்புகளுக்குப் பழகிய காதுகளுக்கு இது முதலில் "வரண்டதாக" இருக்கும். எல்ஏ4440 கார் பட்டரியில் சனலுக்கு 6 வாட்ஸ்தான், எளிதில் உச்சம் தட்டிச் சிதையும், அந்தச் சிதைவைத்தான் சிலர் இனிமை என்கிறார்கள். இதைச் சொன்னால் சண்டை வரும், வரட்டும். இந்தப் போர்ட்டின் உண்மையான குணக்கோணல் உச்ச ஸ்தாயியில் இருக்கிறது. அவுட்புட் சுருளும் கப்பாசிட்டரும் பின்னூட்ட வளையத்துக்கு (சிப் தன் வெளியீட்டைத் தானே பார்த்துத் திருத்தும் வழிக்கு) வெளியே இருப்பதால், 10 மைக்ரோஹென்றி, 0.68 மைக்ரோபரட் உள்ள போர்டில் 20 கிலோஹேர்ட்ஸ் கிட்ட 8 ஓமில் அரை டெசிபல் ஏறும், 4 ஓமில் முக்கால் டெசிபல் அளவு இறங்கும் என்று கணக்கு. சலங்கையும் ஜால்ராவும் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் சற்று வேறாகக் கேட்பது அதனால்.

உப்புக் காற்று. உப்புவெளி, திருக்கடலூர், நிலாவெளிப் பக்கம் இருப்பவர்கள் போர்ட்டைத் திறந்தபடி அலுமாரிமேல் வைத்தால், முதல் மாரி முடியும்போதே ஆர்சிஏ சொக்கட்டில் பச்சைக் களிம்பு, ஸ்குரூவில் கறள், குமிழில் கரகரப்பு. பாலையூற்று, அன்புவழிபுரம் போல உள்ளே தள்ளி இருந்தால் தாமதமாகும், அவ்வளவே. மலிவுப் போர்ட்டில் ஈயம் வைக்கப் பாவித்த பிளக்ஸ் என்ற பிசினைக் கழுவாமல் விடுகிறார்கள். அந்தப் பிசின்மேல் உப்பீரம் படிந்தால் சிப்பின் நெருக்கமான கால்களுக்கிடையே கசிவு ஓடும், இரைச்சலும் காரணமில்லாத நிற்றலும் வரும். வாங்கியவுடன் பழைய பல்துலக்கியும் அல்கஹோலுமாகக் கழுவி, ஒரு நாள் நிழலில் உலர்த்தி, குமிழையும் சொக்கட்டுகளையும் ஹீட்சிங்கையும் நாடாவால் மூடிவிட்டு, போர்ட்டுக்கான தெளிந்த லாக்கரை மெல்லிய இரண்டு பூச்சாக அடிக்க வேண்டும். பெட்டியின் காற்றோட்டத் துளைகள் கடலைப் பார்க்காமல், பின்புறம் கீழாக இருக்கட்டும். வாடைக் காலத்தில் நாளும் கொஞ்ச நேரம் போட்டு விடுவது நல்லது, உள்ளே பிறக்கும் இளஞ்சூடு ஈரத்தைத் துரத்தும். ஆனால் இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது.

கரண்ட் வெட்டுக்கு இது நல்ல போர்ட். 12 வோல்ட், 7 அம்பியர்மணி சீல்ட் பட்டரியில், அரை அம்பியர் அளவில் இழுத்தால், பட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமலே ஏழு மணித்தியாலம் பாடும். பட்டரியில் ஓடும்போது "ம்ம்ம்" என்ற உறுமல் மறைந்தால் குற்றம் சார்ஜரிலோ, ரிவிப் பெட்டியின் டிஷ் வயர் வழியாக வந்த எர்த் வளையத்திலோ இருக்கிறது. இன்புட்டில் 600 ஓமுக்கு 600 ஓம் ஓடியோ ட்ரான்ஸ்போமர் ஒரு சோடி வைத்தால் அது தீரும்.

புளூடூத் சேர்ந்த போர்ட்டை மட்டும் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. புளூடூத் துண்டும் அம்பும் ஒரே கிரவுண்டைப் பகிர்வதால், பாட்டு நிற்கும் இடைவெளியில் "டிக் டிக், ஸ்ஸ்" என்று கேட்கும். தனிப் புளூடூத் ரிசீவரை வாங்கி, அதன் 5 வோல்ட்டை பி0505எஸ் என்ற ஒரு வாட் தனிமைப்படுத்தி வழியாகக் கொடுத்தால் அந்தச் சத்தம் அடங்கும். சப்ளை மைனஸ் பிரிந்துவிடுவதால் ஓடியோ வயரின் கிரவுண்ட் ஒன்றே இணைப்பாக நிற்கும்.

இரவில் மத்திய அலையில் திருச்சி வானொலியின் 936 கிலோஹேர்ட்சைத் தேடுகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் ஒரு விசயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்தச் சிப் 400 கிலோஹேர்ட்சிலிருந்து மேலே வெட்டி வெட்டி ஓடுவது. மலிவுப் போர்ட்டின் மறைப்பில்லாச் சுருள்களும் நீட்டி விட்ட ஸ்பீக்கர் வயரும் சேர்ந்து, பக்கத்தில் உள்ள மத்திய அலை ரேடியோவை இரைச்சலில் மூழ்கடிக்கும். ஸ்பீக்கர் வயரை முறுக்கி, அளவுக்கு மிஞ்சி நீட்டாமல், போர்ட்டுக்கு அருகிலேயே பெரைற் வளையமொன்றில் மூன்று சுற்றுச் சுற்றி, அம்பை இரும்புப் பெட்டியில் போட்டால் குறையும். அதற்கும் அடங்காவிட்டால் ரேடியோவை அடுத்த அறைக்கு மாற்ற வேண்டியதுதான்.