வார்ஃபரினா, அபிக்சபானா?

இரண்டும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகள்; வார்ஃபரின் பழையது, அபிக்சபான் புதியது. இதயத்தில் உலோக வால்வு பொருத்தியவருக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை, வார்ஃபரின்தான். புதிய வகையைச் சேர்ந்த டாபிகட்ரானை உலோக வால்வுக்காரர்களிடம் சோதித்த ஆய்வில் ரத்தக்கட்டி, ரத்தக்கசிவு இரண்டுமே கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். முடிவு 2013-இல் வெளியானது. இதயத்தின் இடப்பக்க மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கிப்போனவர்களுக்கும் வார்ஃபரின்தான். மற்றபடி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத் துடிப்புக்கும் கால் சிரையில் வரும் ரத்தக்கட்டிக்கும் பெரும்பாலோருக்கு அபிக்சபான் போன்ற புதிய மாத்திரைகளே முதல் தேர்வு. முக்கியக் காரணம், மூளைக்குள் ரத்தம் கசிவது இவற்றில் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது.

வார்ஃபரின் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். முழுப் பலன் தர ஐந்து நாளாவது ஆகும். ஒரு வேளை விட்டுப்போனாலும் ஓரளவு தாங்கும். அபிக்சபான் சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும், ஆனால் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையும் நேரம், சுமார் 12 மணி நேரம்தான். தொடர்ந்து இரண்டு வேளை மறந்தால் பாதுகாப்பு பெருமளவு போய்விடும். அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்பது வசதிதான்; மாத்திரையை மறப்பவரைக் காட்டிக்கொடுக்கவும் ஆளில்லை.

வார்ஃபரினில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) வழக்கமாக 2 முதல் 3-க்குள் நிற்க வேண்டும். ஏறினால் எல்லோரும் சாப்பாட்டைத்தான் குறை சொல்வார்கள். உண்மையில் கீரையின் வைட்டமின் கே ஐ.என்.ஆரை இறக்கும், ஏற்றாது. அதை நிறுத்தவும் வேண்டாம், வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் இருந்தால் போதும். இடையில் சேர்ந்த மெட்ரோனிடசோல், ஃப்ளூகோனசோல், கோ-டிரைமாக்சசோல் போன்ற நோய்த்தொற்று மருந்துகள்தான் பெரும்பாலும் வினை. இவற்றில் ஒன்று தொடங்கினால் மூன்று முதல் ஐந்து நாளில் ஐ.என்.ஆரை மறுபடி பார்க்க வேண்டும்.

புதியவற்றில் கவனம் சிறுநீரகத்தின் மேல். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு அபிக்சபான் 5 மி.கி. இரண்டு வேளை. வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்தக் கிரியேட்டினின் 1.5 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல்: இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் 2.5 மி.கி. இரண்டு வேளை. கசிவுக்குப் பயந்து சும்மா குறைப்பது பக்கவாதத்துக்குக் கதவு திறப்பது. இன்னொரு புதிய மாத்திரையான ரிவராக்சபான் 20 மி.கி.யை வெறும் வயிற்றில் போட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உடலில் சேராது. டாபிகட்ரான் கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டவே கூடாது; மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் ஏறிவிடும்.

வலி மாத்திரைகளான இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் பழையது, புதியது இரண்டு பக்கத்துக்கும் ஆகாது. வலிக்குப் பாராசிட்டமால், அதுவும் வார்ஃபரினோடு நாள்கணக்கில் தொடர்ந்தால் ஐ.என்.ஆர். பார்த்துக்கொள்ள வேண்டும். தலையில் அடிபட்டால் வெளியே ரத்தம் தெரியாவிட்டாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மாத்திரையின் பெயரையும் கடைசி வேளை எத்தனை மணிக்கு என்பதையும் முதலில் சொல்ல வேண்டும். வார்ஃபரினை முறிக்க வைட்டமின் கே-யும் உறைவுக் காரணிகளும், டாபிகட்ரானுக்கு இடாருசிசுமாப் என்று முறிமருந்தே வேறு வேறு.