பன்னிரண்டு வருடம் இடுப்பில் இருந்த க்ளாக் 22: 325 டாலருக்கு வாங்கலாமா?

எங்கள் போலீஸ் துறையில் பழைய க்ளாக் 22 பிஸ்டல்களை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு, மேலே ரெட் டாட் (சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் கண்ணாடி) வைத்த, 9 எம்எம் தோட்டா சுடும் புது க்ளாக் 45 கொடுத்துவிட்டார்கள். பழையதை அவரவர் விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம், முப்பது நாள் அவகாசம் என்று ஒரு தாள் வந்தது. விலை 325 டாலர், தோட்டா அடைக்கும் மேகசின் மூன்றோடு. நான் வாங்கினேன். எட்டு மாதம் ஆகிறது. ஹூஸ்டன் புறநகரில் ரோந்துப் பணியில் இருக்கிறேன். இதே மாதிரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் நம்மவர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டதால் விவரமாகவே எழுதுகிறேன்.

விற்பது துறை இல்லை. குக்கர் எக்ஸ்சேஞ்ச் மாதிரிதான்: பழைய பிஸ்டல்களை ஒரு டீலர் எடுத்துக்கொண்டு, அந்த மதிப்பைப் புதியதின் விலையில் கழிக்கிறார். முதல் வாய்ப்பு அதைச் சுமந்தவருக்கு. யாரும் வாங்காதவை கடை அலமாரிக்குப் போய்விடும், பொதுமக்கள் யாரும் வாங்கலாம். போலீஸ்காரன் என்றாலும் துப்பாக்கி வாங்குவோருக்கான 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தை நிரப்பித்தான் ஆக வேண்டும், பின்னணிச் சோதனையும் உண்டு. எனக்குச் சில நிமிடத்தில் முடிந்தது. வரியோடு 351.81 டாலர் கட்டினேன்.

ஒன்று மட்டும் மனசை உறுத்தியது. டீலர் கொடுத்த பெட்டியின் மேல் என் பிஸ்டலின் எண், உள்ளே வேறு யாருடைய பிஸ்டலோ இருந்தது. கவுண்டரில் இருந்தவர், எல்லாம் ஒரே மாடல், ஒரே வருடம், என்ன வித்தியாசம் என்று கேட்டார். வருடத்துக்கு இரண்டு முறை, சுடும் தகுதிச் சோதனைத் தாளில் அந்த எண்ணைக் கைப்பட எழுதியவனுக்கு வித்தியாசம் தெரியும். அரை மணி நேரம் தேடி என்னுடையதை எடுத்துக் கொடுத்தார்கள். பெட்டியை நம்பாதீர்கள். பிஸ்டலில் உள்ள எண்ணைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இனி பொருளைப் பற்றி. என்னுடையது நான்காம் தலைமுறை, 2013இல் கொடுத்தது. ஸ்லைடின் (மேலே முன்பின் நகரும் பாகம்) முனையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பூச்சு போய் இரும்பு தெரிகிறது. ஹோல்ஸ்டருக்குள் தினமும் போய்வந்த தேய்மானம், துரு இல்லை. பிடியின் வலது பக்கம் அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. ரோந்துக் காரில் சீட் பெல்ட் கொக்கி வலது இடுப்புப் பக்கம்தான் வரும், பன்னிரண்டு வருடம் அதில் இடித்து இடித்து விழுந்த பள்ளம். நடுவிரல் படும் இடத்தில் சொரசொரப்பு மழுங்கியிருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர், இது நிறைய உழைத்த துப்பாக்கி என்றுதான் நினைப்பார். உள்ளே பிரித்தால் கதை வேறு. ஒரு சோதனைக்கு 50 தோட்டா, நடுவே பயிற்சிகள் என்று கூட்டிப் பார்த்தால் மொத்தம் 3,500 தாண்டாது. உதையைத் தாங்கும் ரீகாயில் ஸ்பிரிங்கை 2019இல் ஆர்மரர் (துறையின் துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவர்) மாற்றினார். பேரல் புதுசு போலத்தான் இருக்கிறது. அநேகமாகப் பணித் துப்பாக்கிகள் எல்லாமே இப்படித்தான், வெயிலும் மழையும் பார்த்த அளவுக்கு வெடிமருந்து பார்த்திருக்காது.

காசு வைக்கும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று நைட் சைட், இருட்டில் ஒளிரும் குறி. அதன் வெளிச்சம் டிரிடியம் வாயுவால் வருவது, பன்னிரண்டு வருடம் மூன்று நான்கு மாதத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். கராஜ் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். முன் குறியின் பச்சைப் புள்ளி மங்கலாக ஒரு சாம்பல் பொட்டு மாதிரி தெரிந்தது. 2013இல் அதே புள்ளி எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. புது சைட்டுக்கு 90 டாலர் ஆயிற்று. இன்னொன்று மேகசின். மூன்றில் ஒன்றின் ஸ்பிரிங் சோர்ந்துபோய், கடைசித் தோட்டாவை மேலே தள்ளத் திணறியது. ஸ்பிரிங் மாற்றியதும் சரியாகிவிட்டது.

விலை ஏன் இவ்வளவு குறைவு? காரணம் தோட்டாவின் அளவு: க்ளாக் 22 சுடுவது பாயிண்ட் 40, அதாவது 0.40 அங்குலத் தோட்டா. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் வங்கிக் கொள்ளையர் இருவரோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ அதிகாரிகள் இருவர் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். கொள்ளையரில் ஒருவன் உடம்பில் பாய்ந்த 9 எம்எம் குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுபோனது. அதன் பிறகு பெரிய குண்டு வேண்டும் என்று தேடித்தான் 1990இல் பாயிண்ட் 40 வந்தது, அதே வருடம் க்ளாக் 22ம் வந்தது. நாடு முழுக்க போலீஸ் துறைகள் அதற்கு மாறின. 2014இல் அதே எஃப்பிஐ, இன்றைய குண்டுகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, 9 எம்எம்மில்தான் ஆட்கள் வேகமாகவும் குறி தப்பாமலும் சுடுகிறார்கள் என்று முடிவு கட்டியது. மற்ற துறைகளும் பின்னாலேயே மாறின. அதனால்தான் பாயிண்ட் 40 சந்தையில் குவிந்து கிடக்கிறது.

சுட்டுப் பார்த்தால் எஃப்பிஐ சொன்னது சரி என்றே எனக்கும் படுகிறது. மேகசின் இல்லாமல் 650 கிராம் அளவே வரும் பிஸ்டலில் 180 கிரெய்ன் எடையுள்ள குண்டு, உதை மணிக்கட்டில் வெடுக்கென்று வந்து விழும். இரண்டாவது குண்டுக்குக் குறி திரும்ப வர நேரமாகிறது. புது க்ளாக் 45இல் சுட்டுவிட்டு இதை எடுத்தால் நன்றாகவே தெரிகிறது. எங்கள் ஊர்க் கடையில் 50 தோட்டாப் பெட்டிக்கு 9 எம்எம்மைவிட ஆறு ஏழு டாலர் கூடுதல் வேறு. 9 எம்எம் சுடுவதற்கென்று மாற்று பேரல் 130 டாலருக்கு வாங்கி, க்ளாக் 17 மேகசின் போட்டு 200 சுட்டேன். இரண்டு முறை சுட்ட தோட்டாவின் கூடு வெளியே வராமல் சிக்கியது. பயிற்சிக்குப் போதும், உயிரை நம்பி வைக்க மாட்டேன்.

ஆக, வெறும் பொருளாகப் பார்த்தால் 325 நியாயமான விலைதான், ஆனால் இன்றைக்குப் புதிதாக வாங்குகிறவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். பிறகு நான் ஏன் வாங்கினேன்?

இந்தப் பிஸ்டலால் பணியில் ஒரே ஒரு முறைதான் சுட்டிருக்கிறேன். 2017 டிசம்பர், பண்ணைச் சாலை ஒன்றில் பிக்கப் மோதி முதுகு ஒடிந்த மான். ஹெட்லைட் வெளிச்சத்தில் அதன் மூச்சு புகையாய் வந்துகொண்டிருந்தது. முன்னங்கால்களை மட்டும் ஊன்றி எழப் பார்த்தது. மோதியவர் கையைப் பிசைந்துகொண்டு தள்ளி நின்றார். ஒரே குண்டு. அப்புறம் வெகு நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த இரவு எனக்குச் சொந்தமானது, அது இன்னொருவர் அலமாரியில் இருப்பது பிடிக்கவில்லை.

பெரிய காரணம் வேறு. 2006 முதல் 2022 வரை குற்றம் நடந்த இடங்களில் சிக்கிய துப்பாக்கிகளில் 52,000க்கும் மேல் ஒரு காலத்தில் போலீஸ் கையில் இருந்தவை என்று அரசின் தடமறிதல் பதிவிலிருந்தே வெளிவந்திருக்கிறது. இப்படி எக்ஸ்சேஞ்சில் போய்க் கைமாறியவை அதில் நிறைய. நான் பார்த்துப் பார்த்து எண்ணெய் போட்டது நாளைக்கு எந்தத் தெருவில் யார் நெஞ்சுக்கு நேரே நிற்குமோ என்ற நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை.

என் ஷிஃப்டில் ஒரு சகோதரி இருக்கிறார். பணியில் ஒருவரைச் சுட நேர்ந்தவர். விசாரணை முடிந்து, சாட்சிப் பொருளாக இருந்த பிஸ்டல் பல மாதம் கழித்து அவரிடமே திரும்பி வந்தது. அவர் வாங்கவில்லை. விற்கவும் கூடாது, உடைத்துவிடுங்கள் என்று எழுதிக் கேட்டார். மேலிடம் ஒத்துக்கொண்டது. உங்கள் கதை அவருடையது போல என்றால், விலையைப் பார்க்காமல் அவர் கேட்டதையே நீங்களும் கேளுங்கள்.

ஓய்வு பெறப்போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. பத்து வருடம் பணி முடித்து நல்லபடியாக வெளியே வந்தவர், வருடா வருடம் தகுதிச் சோதனை தேறினால், 2004இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி நாடு முழுக்க மறைத்து எடுத்துச் செல்லலாம். கைக்குப் பழகிய துப்பாக்கியோடு அந்தச் சோதனைக்குப் போவது நிம்மதி. அவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

வீட்டில் பேசாமல் வாங்கிவிடாதீர்கள். "ஏற்கெனவே ஒண்ணு இருக்கே, இது எதுக்குங்க?" என்று மனைவி கேட்டாள். காரணத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள், "பாப்பா கைக்கு எட்டாத இடம்னா உயரம் இல்லைங்க, பூட்டு." மகளுக்கு ஒன்பது வயது, நாற்காலி போட்டு ஏறத் தெரியும். முதலில் பெட்டகம் வாங்கிச் சுவரோடு போல்ட் போட்டேன், அடுத்த வாரம்தான் பிஸ்டல் வீட்டுக்குள் வந்தது. 325 டாலரோடு இந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

அப்பா தமிழ்நாடு ஆயுதப்படையில் தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் சொன்னபோது, "கவர்மென்ட் துப்பாக்கியை உனக்கே விக்கிறாங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். அவர் காலத்தில் டூட்டி முடிந்தால் 303 ரைஃபிளைக் கிடங்கில் ஒப்படைத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு சைக்கிளில் வீட்டுக்கு வருவார். கடைசி நாளும் அப்படித்தான் வந்தார். போன மாதம் இங்கே வந்திருந்தபோது பெட்டகத்தைத் திறந்து, காலி என்று இரண்டு தடவை பார்த்துக் காட்டிவிட்டு, பிஸ்டலை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் எண்ணைத்தான் தேடினார்.

"உன் நம்பர்தானே இது?"

"ஆமாப்பா."

திருப்பித் தரும்போது, தன் ரைஃபிளின் அடிக்கட்டையில் இருந்த பட் நம்பரை யோசிக்காமல் சொன்னார்.