மலச்சிக்கலுக்கு நிலாவாரையா, இசப்கோலா?

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. ராத்திரி படுக்கப் போகும்முன் அரை ஸ்பூன் நிலாவாரைப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிப்பது அவருக்கு ஏழெட்டு வருடப் பழக்கம். போன வருடம் அதை விட்டு இசப்கோலுக்கு மாறினோம். யாராவது கேட்டால் நான் இசப்கோல் பக்கம்தான் நிற்பேன்.

விலையில் நிலாவாரை மலிவு. வாயில் வைத்தால் குமட்டும். இசப்கோலுக்குக் காசு கூட, ருசி என்று ஒன்றும் இல்லை. இதை வைத்தெல்லாம் முடிவு எடுக்க வேண்டியதில்லை.

நிலாவாரையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்தில் விளையும் இலை அது. ஆங்கிலத்தில் அதற்குச் சென்னா என்று பெயர். வெளிநாட்டுச் சந்தையில் 'டின்னவெலி (திருநெல்வேலி) சென்னா' என்று ஊர் பெயரைச் சேர்த்தே அழைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னாவுக்கு இடம் உண்டு. இலையில் இருக்கும் சென்னோசைடு என்ற பொருள் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை போகிறது. அங்குள்ள பாக்டீரியா அதை உடைத்த பிறகுதான் வேலை தொடங்கும். குடலைச் சுருங்கத் தூண்டும், மலத்தில் இருக்கும் நீரைக் குடல் இழுத்துக்கொள்ளாமல் தடுக்கும். இதற்கு 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும் என்பதால்தான் ராத்திரி குடித்தால் விடிகாலையில் போகிறது. அம்மாவுக்கு நாலு மணிக்கே அடிவயிற்றைப் பிடித்து முறுக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நடந்து போவார்.

இசப்கோலின் வழி வேறு. குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளையும் விதையின் மேல்தோல்தான் அது. ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி இரண்டு நிமிடம் விட்டால் கூழாகிவிடும். குடலுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. எதையும் தூண்டாது. நீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்கும். பலன் தெரிய ஒரு நாளோ மூன்று நாளோ ஆகலாம், அவசரத்துக்கு உதவாது. முதல் வாரம் அம்மாவுக்கு வயிறு உப்பிக்கொண்டே இருந்தது. "இதுக்கு என் பொடியே தேவலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு ஸ்பூனைப் பாதியாகக் குறைத்து மெல்ல ஏற்றியதும் சரியானது.

தினமும், மாதக்கணக்கில் எடுக்கலாமா என்ற கேள்விதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வயதானவர்களின் மலச்சிக்கல் ஒரு வாரத்தில் தீருவதில்லை. நிலாவாரையோ சில நாட்களுக்கான மருந்து. அளவு கூடினாலும், நாள் நீண்டாலும், பேதியோடு சேர்ந்து உடம்பின் பொட்டாசியமும் வெளியேறும். அம்மா ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார், அதில் சில வகைகள் தாமே பொட்டாசியத்தைக் குறைப்பவை. கால் தசை பிடித்து இழுக்கிறது என்று ரத்தப் பரிசோதனை செய்தபோது குறைந்தது 3.5 இருக்க வேண்டிய பொட்டாசியம் 3.1 இருந்தது. "வேறென்ன சாப்பிடுறீங்கம்மா?" என்று டாக்டர் கேட்ட பிறகுதான் பொடி விஷயமே வெளியே வந்தது. அதுவரை அதை மருந்து என்றே நாங்கள் நினைக்கவில்லை. குறைந்ததில் பொடியின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் சேரக் கூடாது என்பது தெளிவு. அளவுச் சிக்கலும் உண்டு. மாத்திரையாக வாங்கினால் சென்னோசைடு இத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கும், நாட்டு மருந்துக் கடைப் பொட்டலத்தில் அந்தக் கணக்கு கிடையாது.

நீண்டநாள் சென்னா குடல் நரம்பையே கெடுத்துவிடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். அதற்கு வலுவான ஆதாரம் இல்லை. குடலின் உட்சுவர் கறுத்துப்போவது உண்மைதான், நிறுத்தினால் அது மெல்ல மறையும்.

இசப்கோலை நீண்ட நாள் எடுப்பதில் இந்தத் தொல்லைகள் இல்லை. 2023-ல் அமெரிக்க இரைப்பை, குடல் மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதலில், அவர்கள் ஆராய்ந்த நார்ச்சத்துப் பொடிகளில் பலன் தருவதாகத் தெரிந்தது இது ஒன்றுதான். அந்தக் கூழ் பித்த அமிலத்தையும் பிடித்து வெளியேற்றுவதால் கெட்ட கொழுப்பும் ஓரளவு குறையும்.

நான் பார்த்தது ஒரே ஒருவருக்கு நடந்தது. கர்ப்பிணிகள், குழந்தைகள் விஷயத்தில் டாக்டரைக் கேட்காமல் இரண்டையுமே தொடாதீர்கள். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கும், குடல் அடைப்பு வந்தவர்களுக்கும் இசப்கோல் ஆகாது. தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். சர்க்கரை உள்ளவர்கள் ஆரஞ்சு வாசனை போட்ட பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள், சிலவற்றில் சர்க்கரை கலந்திருக்கும்.

அப்புறம் நேரம். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் குடித்தால் அவை உடம்பில் சேர்வதை இந்தக் கூழ் குறைத்துவிடக்கூடும், இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். அம்மாவுக்குக் காலை ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை, எட்டரைக்கு ரத்த அழுத்த மாத்திரை. அதனால் இசப்கோல் சாயங்காலம் ஐந்து மணிக்கு, காபிக்கு முன்னால். பெரிய டம்ளர் நிறையக் கலக்கி, கெட்டியாகும் முன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். இப்போது காலையில் ஆறு மணி வரை தூங்குகிறார்.