16 ஜிபி ராம் என்று சொல்லி 3,400 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள்

லேப்டாப்புக்கு ராம் (திறந்திருக்கிற புரோகிராம்கள் ஓடும் மெமரி) போடக் கடைக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 3,400 ரூபாய் போய்விட்டது. கடையின் பெயர் வேண்டாம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஊருக்கு ஊர் இருக்குமே, செல்போன் கவரும் விற்று லேப்டாப்பும் பார்க்கும் கடை, அந்த வகை.

வீட்டில் உட்கார்ந்து ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். 8 ஜிபி போதவில்லை. "இன்னொரு 8 போட்டு 16 ஆக்கிடலாம் மேடம், சாயங்காலம் வாங்க" என்றார் கடைக்காரர். போனால், மெமரிக் கணக்கெல்லாம் காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பி, "பாருங்க, 15.9 ஜிபி" என்று விரல் வைத்துக் காட்டினார். கண்ணெதிரே எண் இருக்கிறது, வேறென்ன கேட்பது? பணத்தைக் கொடுத்தேன்.

அவர் விரல் வைத்தது 'கமிட்டட்' என்ற வரியில். அது ராம் கணக்கே இல்லை. ராமையும், ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் ஒதுக்கிக்கொள்ளும் பேஜ்ஃபைல் என்ற மறைவான கோப்பையும் கூட்டி வரும் வரம்பு. அந்தக் கோப்பை 8192 எம்பி ஆக்கிவிட்டு லேப்டாப்பை மூடிக் கொடுத்திருக்கிறார். சித்தப்பா மகன் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தான். ராம் செருகும் இரண்டாவது ஸ்லாட்டில் தூசிதான் இருந்தது. 3,400 ரூபாய்க்குத் தூசி!

பேஜ்ஃபைல் தேவையில்லாத பொருள் என்று சொல்ல வரவில்லை. ராம் நிறையும்போது, கொஞ்ச நேரமாகத் தொடாத பகுதிகளை 4 கேபி துண்டுகளாக டிஸ்குக்குத் தள்ளிவிட்டு, கேட்டால் திரும்ப எடுத்து வருவது அதன் வேலை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ராமிலிருந்து ஒன்றை எடுக்க ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு நேரம் போதும். சுழலும் ஹார்ட் டிஸ்குக்கு அதைப்போல லட்சம் மடங்கு ஆகும். உப்பு டப்பாவைப் பரணில் வைத்துச் சமைக்கிற கதை. எக்செல்லும் பிரவுசரும் சேர்ந்து திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, மவுஸ் நகரவில்லை. சி டிரைவில் இடமும் போச்சு.

கேட்கப் போனால் முதலில் "டெக்னீஷியன் லீவு". அப்புறம் "விண்டோஸ் அப்டேட் ஆனா அப்படித்தான் இருக்கும்". அப்புறம் "வைரஸா இருக்கும், 800 ரூபாய் ஆகும்". கடைசியில் பில்லைக் காட்டினேன். அதில் 'மெமரி அப்கிரேட்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. "விர்ச்சுவல் மெமரியும் மெமரிதானே மேடம்" என்கிறார், அந்த பேஜ்ஃபைலைத்தான் சொல்கிறார், சிரித்துக்கொண்டே! 1995-இல் அமெரிக்காவில் சாஃப்ட்ராம் 95 என்ற மென்பொருளை ராமை இரட்டிப்பாக்கும் என்று விற்று, அது உருப்படியாக எதுவும் செய்யாததால் அரசு நடவடிக்கை வரை போனது. அவர்களாவது டப்பாவில் போட்டு விற்றார்கள்.

சரி, சொல்ல வந்தது. மூடியை உங்கள் எதிரிலேயே கழற்றச் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜரில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற வரியைப் பாருங்கள், 'கமிட்டட்'டை அல்ல. பில்லில் ராமின் கம்பெனியும் சீரியல் எண்ணும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். கோபத்தில் பேஜ்ஃபைலைப் பூஜ்யமாக்கியும் வைக்காதீர்கள், ராம் தீர்ந்ததும் திறந்திருக்கிற புரோகிராம்கள் மூடிக்கொள்ளும். நுகர்வோர் உதவி எண் 1915. நாளைக் காலை கூப்பிடப் போகிறேன், அந்த 3,400 ரூபாயை விடுவதாக இல்லை.