மார்பிள் கட்டரா, மேசை வாட்டர் கட்டரா?

ஒரு பாத்ரூமுக்கு மட்டும் டைல்ஸ் ஒட்ட, கையில் பிடிக்கும் மார்பிள் கட்டரே போதும். விலை குறைவு, ஒட்டிய டைலிலும் ஓட்டை போடலாம். ஆனால் தண்ணீரில்லாமல் அறுத்தால் பறக்கும் சிலிக்கா தூள் நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். கர்ச்சீப் கட்டிக்கொள்வதெல்லாம் பாதுகாப்பே இல்லை. சரி, பக்கத்தில் ஆளை நிறுத்தித் தண்ணீர் ஊற்றலாம் என்றால் ஷாக் பயம்.

மேசைக் கட்டரில் தண்ணீர் தானாகவே பிளேடை நனைக்கும். தூசி அடங்கும், பிளேடு சூடேறாது, கோடு நேராக வரும். 45 டிகிரி மூலை வெட்டுக்குக் கையால் எவ்வளவு முயன்றாலும் இந்தச் சுத்தம் வராது. 2×4 அடி டைல் மட்டும் சின்ன மேசையில் நிற்காது. முழு வீட்டு வேலைக்கு வாடகைக்காவது இதை எடுப்பேன்.

எதுவானாலும் பிளேடைக் கவனியுங்கள். போர்சலின் டைலுக்கு இடைவெளியில்லாத விளிம்புள்ள பிளேடு, கிரானைட்டுக்கு விளிம்பு பல் பல்லாகப் பிரிந்த பிளேடு. மாற்றிப் போட்டால் போர்சலின் ஓரம் சிதறும். கடைசி ஒரு அங்குலத்தில் அழுத்தாதீர்கள், மூலை உடைவது அங்கேதான். அப்புறம், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத லைனில் இரண்டையுமே செருகக் கூடாது.