பிட்காயினா ஈதரா: யார் கையில் எவ்வளவு?

பிட்காயின், ஈதர் என்ற இந்த இரண்டு கிரிப்டோ நாணயங்களிலும் பெரும்பங்கு சிலர் கையில்தான். அது அவர்களிடம் வந்து சேர்ந்த வழிதான் வேறு.

2009 ஜனவரியில் பிட்காயின் தொடங்கியபோது யாருக்கும் முன்ஒதுக்கீடு கிடையாது. கணினி வைத்திருந்த எவரும் மைனிங் செய்யலாம், அதாவது பரிவர்த்தனைகளைப் பதிவு செய்யும் வேலைக்குக் கணினியை ஓட்டிப் புது காயின் சம்பாதிக்கலாம். ஒரு பிளாக்குக்கு (பரிவர்த்தனைத் தொகுப்புக்கு) 50 காயின் வெகுமதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று விஷயம் தெரிந்தவர்களே விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயருக்குரியவரிடம் மட்டும் சுமார் 10 லட்சம் காயின் இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. மொத்த உச்சவரம்பே 2.1 கோடி! 2024 முதல் பிளாக்குக்கு 3.125தான். பிந்தி வந்தவர் காசு கொடுத்து வாங்க வேண்டியதுதான்.

ஈதரில் ஒளிவுமறைவில்லை: 2014 முன்விற்பனையில் சுமார் 6 கோடி விற்றார்கள், மேலும் 1.2 கோடி ஆரம்பப் பங்களிப்பாளர்களுக்கும் ஈதரின் வலையமைப்பான எத்தீரியத்தின் அறக்கட்டளைக்கும் போனது. 2022 செப்டம்பரில் அது மைனிங்கிலிருந்து ஸ்டேக்கிங்குக்கு, அதாவது கையிலுள்ள ஈதரைப் பிணையாகப் பூட்டி வெகுமதி பெறும் முறைக்கு, மாறியது. இருப்பவருக்கே மேலும் சேர்கிறது என்ற குறை பாதிதான் உண்மை. ஸ்டேக் செய்பவர் எல்லோருக்கும் வெகுமதி கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில்தான் கிடைக்கிறது. ஸ்டேக் செய்யாதவரின் பங்குதான் மெல்லக் கரைகிறது. தனியாக வாலிடேட்டர் (பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் அமைப்பு) நடத்த 32 ஈதர் வேண்டும் என்பதுதான் சிறியவர்களைத் தடுக்கும் உண்மையான சுவர்.

காயின் அதிகமுள்ள ‘முதல் 100 முகவரிகள்’ (முகவரி என்பது வங்கிக் கணக்கு எண் மாதிரி) பட்டியல்களை நான் அப்படியே நம்புவதில்லை. காயின் வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சின் ஒரே முகவரியில் பல வாடிக்கையாளர்களின் காயின் கிடக்கும். ஒரே ஆள் ஆயிரம் முகவரி வைத்திருக்கலாம். ஈதர் பட்டியலின் உச்சியில் இருப்பது ஒரு ஆளே அல்ல, ஸ்டேக் செய்யும் ஈதரைப் பெற்றுக்கொள்ளும் புரோகிராமான ஸ்டேக்கிங் டெபாசிட் கான்ட்ராக்ட். பிட்காயினில் சாவி (காயினைச் செலவழிக்கத் தேவையான ரகசியக் குறியீடு) தொலைந்துபோன பழைய காயின்களும் யாரோ ஒருவரின் சொத்தாகவே எண்ணப்படுகின்றன.